ஊர் விரியும்போது வயலையும் காட்டையும் காக்க நிலப் பயன்பாட்டுத் திட்டம் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திட்டம் போட உட்காரும் புதியவர்கள் முதல் நாளே வரைபடத்தைத் திறந்து, காப்பாற்ற வேண்டிய இடத்துக்கெல்லாம் பச்சை வண்ணம் பூசிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து, நான் பச்சை பூசிய பகுதிக்குள்ளேயே அனுமதி வாங்கிய மனைப்பிரிவுகள் வரிசையாக இருப்பது தெரியவந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஊர் எதுவரை வளரலாம் என்று கோடு போடுவது இந்த வேலையில் பாதிக்கு மேல் கடந்தபின் வரும் படி. அதற்கு முன்னால் எண்ண வேண்டியதும் நடந்து பார்க்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. உள்ளாட்சியின் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், ஊர்க் குழுவாகச் சேர்ந்து மாற்று வரைவு தயாரிப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சட்டம். நிலப் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, மேல்முறையீடு எங்கே போகும், சாலைத் துறையும் குடிநீர் வாரியமும் உங்கள் திட்டத்துக்குக் கட்டுப்பட்டவையா என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்கள், அழகான வரைபடம் தயாரான பிறகுதான் அதற்குச் சட்ட பலமே இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் வரைபடங்கள். சர்வே எண் வாரியான நில வரைபடம், மண் வரைபடம், ஓடை, ஏரி, வாய்க்கால், வெள்ளம் பாயும் இடம், இப்போதுள்ள சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகிய எல்லாம் வேண்டும். கடந்த காலத்தைப் பார்க்கச் செயற்கைக்கோள் படம் உதவும். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008 முதல் இலவசம். 2015-இல் தொடங்கிய சென்டினல்-2 இன்னும் நுணுக்கமானது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர். அதில் வீடுகளை எண்ண முடியாது. ஆனால் வயலில் மண்சாலை விழுந்து மனையாவது தெளிவாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்க இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ் போதும்.

அடுக்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பாலத்தின் முனை, ஒரு ரயில்வே கேட், ஓர் ஏரிக்கரையின் திருப்பம் என மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, எல்லா அடுக்கிலும் அவை ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். பழைய நில வரைபடம் 40, 50 மீட்டர் தள்ளி உட்காருவது சாதாரணம். அந்தப் பிழையோடு கோடு போட்டால் ஒருவருடைய கிணறு ஊருக்குள்ளும் அவருடைய வயல் வெளியிலும் விழும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

2. ஆய்வுப் பகுதியை ஊர் எல்லையோடு நிறுத்தாதீர்கள்

நகரத்தின் நிர்வாக எல்லையைத் தாண்டி, தினமும் வேலைக்கு வந்துபோகிற தூரம் வரை ஆய்வுப் பகுதியை விரியுங்கள். எல்லைக்கு உள்ளே மட்டும் கட்டுப்பாடு போட்டால் வீடுகள் வராமல் இருக்கப்போவதில்லை. தாண்டிக் குதித்து அடுத்த ஊரில் முளைக்கும்.

கனடாவின் தலைநகர் ஒட்டாவா இதற்கு நல்ல பாடம். நகரைச் சுற்றிச் சுமார் 20,000 ஹெக்டேரில் பசுமை வளையம் இருக்கிறது, பெரும்பகுதி அரசே வாங்கி வைத்த நிலம். வளையம் இன்றும் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் கனாட்டா, பார்ஹேவன், ஓர்லியன்ஸ் போன்ற குடியிருப்புகள் வளையத்துக்கு அந்தப் பக்கம் பெருகின, அங்கிருந்து மக்கள் பச்சையைக் கடந்து வேலைக்கு வந்துபோகிறார்கள்.

பக்கத்து உள்ளாட்சிகள் கையெழுத்துப் போட மறுக்கலாம். பரவாயில்லை, வரைபடத்திலாவது அவர்கள் பகுதி இருக்கட்டும். அழுத்தம் எந்தத் திசையில் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

3. ஏற்கெனவே கைவிட்டுப் போன நிலத்தை எண்ணுங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். அனுமதி கிடைத்தும் வீடு கட்டாமல் கிடக்கும் மனைப்பிரிவுகள், பணம் கட்டி நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள், நீதிமன்ற உத்தரவு பெற்றவை என எல்லாவற்றையும் அனுமதிப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தனி அடுக்காகப் போடுங்கள்.

காரணம் இரண்டு. சட்டப்படி கொடுத்த அனுமதியைப் பின்னால் வரும் வண்ணம் எளிதில் பறிக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம், காலியாகக் கிடக்கும் இந்த மனைகள் வருங்கால வீட்டுத் தேவையில் ஒரு பகுதியைத் தீர்க்கும். 6-ஆம் படியில் இந்த எண்ணிக்கை தேவைப்படும், எனவே பத்திரமாக வையுங்கள்.

பதிவேட்டை மட்டும் நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள். எல்லைக் கல் நட்டு, கம்பி வேலி போட்டு, வளைவு கட்டி, உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும்.

4. விளைநிலத்தை மண்ணைப் பார்த்துத் தரம் பிரியுங்கள்

பயிர் இருக்கும் இடம் நல்ல நிலம், தரிசாகக் கிடப்பது வீடு கட்ட ஏற்றது என்று பிரிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நகர விளிம்பில் தரிசு என்பது பெரும்பாலும் விலை ஏறக் காத்திருக்கும் நிலம். மண் பழுதில்லாமல் இருக்கும், உழவு மட்டும்தான் நின்றிருக்கும். தரிசையெல்லாம் விட்டுக்கொடுத்தால், உழவை நிறுத்தினால் அனுமதி கிடைக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எனவே நிலம் என்ன தரும் என்பதை வைத்துத் தரம் பிரியுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் நிலத் திறன் வகைப்பாடு பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. அதில் 8 வகுப்புகள், முதல் 4 வகுப்புகள் உழவுக்கு ஏற்றவை. மண்ணின் ஆழம், சரிவு, வடிகால், அரிப்பு ஆகியவற்றைப் பார்த்து வகுப்பு தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் பகுதிக்கு வேறு வகைப்பாடு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் மட்டும் மாற்றாதீர்கள்.

மண் வரைபடம் நுணுக்கமில்லாமல் பெரிய பரப்பை மொத்தமாகக் காட்டினால் நேரில் போய்த் துளைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கையால் திருகும் மண் துளைப்பான் ஒன்று, ஒரு நோட்டு, அந்த நிலத்தை உழுத ஒருவர், இவ்வளவு போதும். வரைபடத்தில் ஒரே வகுப்பாக இருந்த பகுதியில் ஒருமுறை நூறு நூறு மீட்டருக்குத் துளைத்தோம். ஓடைப் பக்கம் ஒரு மீட்டருக்குக் கீழும் கறுப்பு மண் வந்தது. மேட்டுப் பக்கம் இரண்டு சாண் ஆழத்தில் பாறை தட்டியது. வீடுகளை மேட்டுக்குத் திருப்ப அந்த ஒரு நாள் வேலை போதுமானதாக இருந்தது.

தரம் போட்ட பிறகு தொடர்ச்சியைப் பாருங்கள். நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்த முதல்தர வயல் நெடுநாள் தாங்காது. மருந்து அடித்தால் புகார் வரும், டிராக்டர் போக வழி இருக்காது, வாய்க்காலில் குப்பை சேரும். இரண்டாம் தரமாக இருந்தாலும் ஒரே பாளமாக 200 ஹெக்டேர் இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை.

வாய்க்கால் பாசனம் உள்ள இடத்தில், ஒரு மடையிலிருந்து தண்ணீர் வாங்கும் நிலம் முழுவதையும் ஒரே அலகாக எடுங்கள். நடுவில் நாலு ஏக்கர் மனையானால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கடைமடைக்காரர் அடுத்த வருடம் தானே விற்க வருவார்.

5. காட்டில் விளிம்பைக் கணக்கிடுங்கள்

காட்டுக்கு மொத்தப் பரப்பை மட்டும் பார்ப்பது தப்புக் கணக்கு. வெயில், காற்று, தீ, களைச்செடி, நாய்கள் எல்லாம் விளிம்பு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. விளிம்பின் தாக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது காட்டுக்குக் காடு மாறும். ஒரு பேச்சுக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரக் காடு 100 ஹெக்டேர். நாலு பக்கமும் 100 மீட்டரைக் கழித்தால் உள்காடு 64 ஹெக்டேர். நடுவில் ஒரு சாலை போட்டால் உள்காடு 48 ஆகிவிடும். குறுக்கே இன்னொரு சாலை வந்தால் 36. சாலைக்காக வெட்டிய மரங்கள் கொஞ்சம்தான், உள்காடு மட்டும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினால் பொறியாளர்களும் சாலையைச் சுற்றிக் கொண்டுபோகச் சம்மதிக்கிறார்கள்.

நடைமுறையில் மூன்று வேலை. காட்டைச் சுற்றி இடைப்பட்ட வளையம் ஒன்று விட்டு, அதில் வீடு இல்லாமல் விவசாயத்தை மட்டும் அனுமதியுங்கள். காடுகளை இணைக்கும் ஓடைக்கரைகளைத் தொடர்ச்சியாக வைத்திருங்கள். புல்வெளி, சதுப்பு, முட்புதர் ஆகியவை ஆவணத்தில் 'பயனற்ற நிலம்' என்று பதிவாகியிருந்தால் அந்தப் பெயரை முதலில் மாற்றுங்கள். அந்தப் பெயர் இருக்கும்வரை ஒவ்வொரு புதுத் திட்டமும் அங்கேதான் வந்து இறங்கும்.

6. எத்தனை வீடு, எவ்வளவு நிலம்: கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

முழு வேலையும் நிற்பது இந்தப் படியின்மேல்தான். வீடு தேவைப்படுகிறவர்களுக்கு எங்கே இடம் என்று சொல்லாத திட்டம் முதல் தேர்தல்வரைகூடத் தாங்காது. ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

இன்று 60,000 பேர் இருக்கும் ஊர், 20 வருடத்தில் 84,000 ஆகும் என்று வைப்போம். கூடுதல் 24,000 பேர், வீட்டுக்கு 4 பேர் என்றால் 6,000 வீடுகள் தேவை. சாலை, பூங்கா, பள்ளி எல்லாம் சேர்த்து ஹெக்டேருக்கு 10 வீடு என்ற பழைய பழக்கத்தில் போனால் 600 ஹெக்டேர் வேண்டும். 30 வீடு என்றால் 200 போதும்.

இப்போது கழியுங்கள். 3-ஆம் படியில் எண்ணிய காலி மனைகள் 1,500 என்றால் மீதி 4,500 வீடு. ஊருக்குள் காலியிடம், மூடிக் கிடக்கும் ஆலை, பாழடைந்த கிடங்கு எல்லாம் சேர்ந்து 90 ஹெக்டேர் இருக்கிறது. அதில் பாதிதான் 20 வருடத்துக்குள் சந்தைக்கு வரும் என்று வையுங்கள். 45 ஹெக்டேரில் 1,350 வீடு. மீதி 3,150 வீட்டுக்கு 105 ஹெக்டேர், 15 சதவீதம் கூடுதலாக வைத்தால் சுமார் 120. தொழிற்சாலைக்கான இடத்தைத் தனியாகக் கணக்கிட்டுச் சேருங்கள்.

600 எங்கே, 120 எங்கே! இந்த வித்தியாசம்தான் வயலாகவும் காடாகவும் மிஞ்சப்போவது. ஆனால் ஹெக்டேருக்கு 30 வீடு என்று காகிதத்தில் எழுதிவிட்டு, கட்டட விதியில் பெரிய மனையும் பக்கவாட்டு இடைவெளியும் கட்டாயம் என்று வைத்திருந்தால் கணக்கு பொய்யாகிவிடும். கட்டட விதியை இதே நேரத்தில் திருத்துங்கள்.

கூடுதல் 15 சதவீதத்தை வெட்ட வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். வெட்டாதீர்கள். எல்லைக்குள் இறுக்கம் அதிகமானால் மனை விலை ஏறும், அந்தக் கோபமே எல்லையை உடைக்கும்.

7. முதலில் இடைக்காலத் தடை, பிறகு கோடு

கோடு வரப்போகிறது என்ற செய்தி கசிந்தால் அடுத்த நாளே விண்ணப்பங்கள் குவியும். எனவே வரைவை வெளியிடும் முன், விளைநிலத்தைத் துண்டு போடுவதற்கும் பயன்பாடு மாற்றத்துக்கும் சட்டப்படி ஓர் இடைக்காலத் தடை வாங்குங்கள். அதற்கு முடியும் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். முடிவில்லாத தடை நீதிமன்றத்தில் நிற்காது, நியாயமும் இல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதே வரிசையில்தான் செய்தது. 1972 டிசம்பரில் விளைநிலத்தைத் துண்டாடுவதை நிறுத்திவைத்து ஆணை வந்தது, 1973-இல் சட்டம் வந்தது. அங்கே வேளாண் நிலக் காப்புப் பகுதி இன்று சுமார் 46 லட்சம் ஹெக்டேர்.

கோட்டை எங்கே போடுவது? தரையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போடுங்கள்: ஓடை, ரயில் பாதை, ஏரிக்கரை, அகலமான சாலை. சர்வே எண்ணின் நடுவே கோடு ஓடினால் ஒவ்வொரு முறையும் தகராறுதான். ஒரு கவனம் மட்டும் வேண்டும். புதிதாகப் போடப்போகும் புறவழிச்சாலையை எல்லையாக வைத்தால், சாலை முடிவதற்குள் அதுவரை உள்ள வயல் முழுவதும் மனையாக விலை போயிருக்கும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1973 சட்டத்தின் கீழ் நகரங்கள் எல்லாம் வளர்ச்சி எல்லை வைத்திருக்கின்றன. உள்ளே 20 வருடத் தேவைக்கான நிலம் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எல்லையை நகர்த்த முடியும், ஆனால் கணக்கைக் காட்டித்தான் நகர்த்த வேண்டும். நீங்களும் நகர்த்தும் முறையை முதல் நாளே எழுதிவிடுங்கள். முறை இல்லாவிட்டால் சிபாரிசுதான் முறையாகும்.

8. கோட்டுக்கு வெளியே என்ன செய்யலாம் என்ற விதி

வரைபடத்துக்கு ஒரு மாதம் செலவழித்தவர்கள், விதியை ஒரு மாலையில் எழுதி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டை விழுவது அங்கேதான்.

முதல் ஓட்டை, குறைந்தபட்ச நில அளவு. 'விவசாய மண்டலத்தில் ஒரு ஏக்கருக்கு ஒரு வீடு' என்று எழுதினால் அது விவசாய மண்டலம் ஆகாது, பெரிய தோட்டமுள்ள குடியிருப்புதான். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை ஒட்டிய மான்ட்கோமரி கவுன்டி முதலில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வைத்திருந்தது. நிலம் துண்டாவது நிற்கவில்லை. 1980-இல் சுமார் 93,000 ஏக்கரை வேளாண் காப்புப் பகுதியாக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று மாற்றியது. இந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். சிறு விவசாயிகள் உள்ள இடத்தில் அளவு வேறாக இருக்கும். உங்கள் பகுதியில் ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு நிலத்தில் விவசாயம் பார்க்கிறது என்று கேட்டு அதற்குக் குறையாமல் வையுங்கள்.

இரண்டாவது ஓட்டை 'பண்ணை வீடு'. யார் கட்டலாம், எவ்வளவு பெரிதாகக் கட்டலாம், நிலத்திலிருந்து பிரித்து விற்கலாமா என்ற மூன்றையும் எழுதாவிட்டால் நீச்சல் குளத்தோடு வாரயிறுதி பங்களாக்கள் வரும். அதேபோல் விவசாயிக்கு வேண்டியதைத் தடுக்காதீர்கள். களம், குளிர்பதனக் கிடங்கு, ஆலை, தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அனுமதிப் பட்டியலில் பெயரோடு இருக்கட்டும். அவை இல்லாவிட்டால் விவசாயம் லாபமில்லாமல் போய், மண்டலம் தானாகவே கலைந்துவிடும்.

மூன்றாவது ஓட்டை குழாய். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் போன இடத்துக்கு வீடு போகும், எந்த வண்ணம் பூசியிருந்தாலும் சரி. அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் 1959-இல் வாக்கெடுப்பு நடத்தி, மலைச்சரிவில் 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சித் தண்ணீர் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். மலை பெரும்பாலும் தப்பித்தது. கோட்டுக்கு வெளியே குழாய் நீட்டக் கூடாது என்ற உறுதியை, அந்தத் துறையின் சொந்த முதலீட்டுப் பட்டியலில் ஏறும்வரை விடாதீர்கள். கூட்டத்தில் தலையாட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

9. நிலம் வைத்திருப்பவருக்கு என்ன பதில்?

கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளவர் கோடீஸ்வரர், அந்தப் பக்கம் உள்ளவர் பழையபடி. இந்தக் குறையைப் பேசாமல் ஒதுக்கினால் பின்னால் பெரிதாக வெடிக்கும். ஆரிகனில் 2004-இல் மக்கள் வாக்களித்து, விதியால் மதிப்பு குறைந்தால் இழப்பீடு கொடு அல்லது விதியைத் தளர்த்து என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் குவிந்தன. 2007-இல் இன்னொரு வாக்கெடுப்பில்தான் அது குறைக்கப்பட்டது.

வழிகள் சில உண்டு. நிலத்தின் கட்டும் உரிமையை மட்டும் அரசு விலைக்கு வாங்கலாம். உழவு உரிமை விவசாயியிடமே இருக்கும். அல்லது அந்த உரிமையை ஊருக்குள் கட்டுபவருக்கு விற்க அனுமதிக்கலாம். மான்ட்கோமரியில் இந்த இரண்டாவது முறைதான்: 25 ஏக்கருக்கு ஒரு வீடு, ஆனால் விற்கக்கூடிய கட்டும் உரிமை 5 ஏக்கருக்கு ஒன்று. வரிச் சலுகையும் உதவும், ஆனால் பத்து வருடத்துக்கு முன் விற்றால் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதாவிட்டால், மனையாக்கக் காத்திருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை போகும்.

உரிமை விற்பனையில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான். விற்பவரைப் பற்றி எல்லாம் எழுதிவிட்டு, வாங்குபவர் எங்கே கட்டுவார் என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஊருக்குள் கூடுதல் மாடி அனுமதிக்கும் பகுதியை முதலில் அறிவித்து, உரிமை வாங்கினால் மட்டும்தான் அந்த மாடி என்று வையுங்கள். சும்மாவே மாடி கிடைக்கும் ஊரில் உரிமையை யார் வாங்குவார்?

10. கருத்துக்கேட்பும் அதன் பிறகும்

கூட்டத்துக்கு வண்ண வரைபடத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சர்வே எண் பட்டியலை அச்சிட்டு மேஜையில் வையுங்கள். வருகிறவர் முதலில் தேடுவது தன்னுடைய எண்ணைத்தான். அது கிடைத்த பிறகுதான் மற்றதைக் கேட்பார். குத்தகைக்கு உழுபவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது, எனவே அவர்களைத் தனியாகக் கூப்பிட்டால்தான் வருவார்கள்.

ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள், 'ஏற்கப்படவில்லை' என்று மட்டும் எழுதாமல் காரணத்தோடு. வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் காரணப் பத்திதான்.

ஒப்புதல் கிடைத்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், ஒரே வகைச் செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். வேறு வேறு பருவத்துப் படங்களை ஒப்பிட்டால் அறுவடை முடிந்த வயல்கூட அழிந்த நிலமாகத் தெரியும். மாற்றம் தெரிந்த இடங்களுக்கு நேரில் போங்கள்.

விதிவிலக்குகளுக்குத் தனிப் பதிவேடு போடுங்கள்: தேதி, சர்வே எண், பரப்பு, கேட்டவர் சொன்ன காரணம், அனுமதித்த அதிகாரியின் பதவி. மாத இறுதியில் பரப்பைக் கூட்டி, 6-ஆம் படியில் போட்ட 120 ஹெக்டேருக்குப் பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.